அரசாங்க ஷூ

பிப்ரவரி 6

அன்புள்ள தங்கச்சிக்கு,

இங்கே உன் அத்தான், பிள்ளைகள் எல்லோரும் சுகம். எனக்கு மட்டும் வயிறு எரிகிறது. மருந்து சாப்பிட்டால் போகிற எரிச்சல் இல்லை இது.

போனில் பேசினால் நீ நடுவில் புகுந்து பேசுகிறாய், நான் பட்டென்று வைத்துவிடுகிறேன், பிறகு இரண்டு பேரும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு அலைகிறோம். போன ஞாயிற்றுக்கிழமையும் அதுதான் நடந்தது. அதனால்தான் கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது. நான் முடிக்கிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டு படித்துத்தான் ஆக வேண்டும்.

விஷயம் அந்த ஷூதான். மாதா மாதம் உதவித்தொகை கொடுக்கிறார்கள் என்றாய், சந்தோஷப்பட்டேன். பஸ் பாஸ் கொடுத்தார்கள் என்றாய், சரி, கொடுக்கட்டும் என்றேன். நீ வேலைப் பயிற்சிக்குப் போகும் நேரத்தில் உன் பெண் வாலுவைப் பார்த்துக்கொள்ள காப்பகத்துக்கு அரசாங்கமே பணம் கட்டுகிறது என்றாய், அப்போதே எனக்கு லேசாக மூச்சு வாங்கியது. கடைசியில், "அக்கா, வேலைக்குப் போட்டுக்க ஷூ கூட வாங்கிக் குடுத்தாங்க, கறுப்பு, உள்ள மெத்து மெத்துனு இருக்கு" என்றாயே, அதற்கு மேல் என்னால் முடியவில்லை. போனை வைத்துவிட்டேன். அந்த மெத்து மெத்து இன்னும் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

நான் இந்த லாண்டிரியில் எத்தனை வருஷமாக நிற்கிறேன் என்று உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி விரிப்பு, ஓட்டல் விரிப்பு, மலை மலையாக வருகிறது. தரை எப்போதும் ஈரம். காலில் ரப்பர் செருப்பு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து குதிகாலைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருக்கிறது. என்றைக்காவது எந்த அரசாங்கமாவது குனிந்து என் காலைப் பார்த்ததா?

நானும் கேட்கத்தான் போனேன். உன் அத்தான் லாரியிலிருந்து மூட்டையோடு சறுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்ட மாதமே போனேன். உதவித்தொகை அலுவலகத்து ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண், "உங்க சம்பளம் வரம்புக்குக் கொஞ்சம் மேல இருக்கும்மா" என்றாள். "கொஞ்சம்னா?" என்றேன். "கொஞ்சந்தான்" என்றாள். அந்தக் கொஞ்சத்தில் அவருக்கு மாத்திரை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் செலவு, நான்கு வயிறு. உதவி கேட்கிற அளவுக்கு நான் ஏழை இல்லையாம். உதவி இல்லாமல் இருக்கிற அளவுக்குப் பணக்காரியும் இல்லை. நடுவில் எங்கோ தொங்குகிறேன்.

வேலை தேடிப் போகிறேன் என்று சொல்லிப் புருஷன் ஓடிப்போனவளுக்கு ஷூ. புருஷன் படுத்துக் கிடக்கிறவளுக்கு ஒன்றுமில்லை. இப்படி எழுதக் கூடாதுதான். மனதில் வந்தது, எழுதிவிட்டேன். அடித்தால் கடிதம் அசிங்கமாகிவிடும், அப்படியே இருக்கட்டும்.

வாலுவுக்குப் பெரியம்மாவின் முத்தம்.

இப்படிக்கு,
ஷூ இல்லாத உன் அக்கா


பிப்ரவரி 13

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. குறுக்கே பேச முடியாது என்றாய். பஸ்ஸில் வைத்துப் படித்தேன், நான்கு இடத்தில் சத்தமாகவே குறுக்கே பேசிவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார். உன்னால் எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது, அதற்கு நன்றி.

ஓடிப்போனவரைப் பற்றி எழுதியது வலித்தது. ஆனால் நீ எழுதாமல் மனதில் வைத்திருந்தால் இன்னும் வலித்திருக்கும். விடு.

ஷூவைப் பார்க்கிறாய், அதோடு சேர்ந்து வருவதை நீ பார்க்கவில்லை. என் விஷயத்தைக் கவனிக்கிற அலுவலர் ஒருத்தி இருக்கிறாள். பெரிய மூக்குக்கண்ணாடி போட்டிருப்பாள், வாலு அவளுக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டாள். மூக்குக்கண்ணாடி மாதம் ஒரு தடவை வீட்டுக்கு வருவாள். கெட்டவள் இல்லை, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவாள். ஆனால் குளியலறை வரைக்கும் போவாள். ஓடிப்போனவர் திருட்டுத்தனமாகத் திரும்பி வந்து குடியிருக்கிறாரா என்று பார்க்கத்தான். போன மாதம் பல் தேய்க்கிற பிரஷ் மூன்று இருந்தது. "மூணாவது யாருது?" என்றாள். வாலு ஓடிப் போய்த் தன் பொம்மையைத் தூக்கிக்கொண்டு வந்து, "இவளுது" என்று காட்டினாள். மூக்குக்கண்ணாடி சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் போன பிறகு குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பயிற்சி வகுப்பு இன்னொரு கூத்து. எப்படி உட்கார வேண்டும், எப்படிக் கும்பிட வேண்டும், எப்படிச் சிரிக்க வேண்டும் என்று சொல்லித் தருகிறார்கள். "உங்கள் பலவீனம் என்ன என்று முதலாளி கேட்டால் என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டார்கள். "எங்க அக்கா" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

உனக்கு என் மேல் பொறாமையா? நான் ஒன்று சொல்லட்டுமா? நீ சம்பளம் வாங்கினால் அது உன் சம்பளம். வாலுவுக்கு ஒரு பலூன் வாங்கினால் கூட, யாராவது பார்க்கிறார்களா என்று நான் திரும்பிப் பார்க்கிறேன். அத்தான் படுத்துக் கிடந்தாலும் நீ வீட்டுக்குள் நுழைந்ததும் "டீ போடட்டுமா" என்று கேட்கிறார் இல்லையா? இங்கே என்னைக் கேட்பதற்குச் சுவர்தான் இருக்கிறது. எனக்கும் எரிகிறது, அக்கா. நான் போனை வைப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்புடன்,
உன் பலவீனமான தங்கச்சி


மார்ச் 2

தங்கச்சிக்கு,

உன் அக்காவை என்னவென்று நினைத்தாய்? ஒரு வேலை செய்திருக்கிறேன், கேட்டால் அசந்துபோவாய்.

வரம்புக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறேன் என்றுதானே ஜன்னல்காரி சொன்னாள்? கீழே இறங்கிவிட்டால்? இத்தனை நாள் இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று தெரியவில்லை. எங்கள் சூப்பர்வைசரிடம் போனேன். அவரைத்தான் உனக்குத் தெரியுமே, எப்போது பார்த்தாலும் சீட்டியடித்துக்கொண்டிருப்பவர், சீட்டி என்று சொன்னால்தான் லாண்டிரியில் எல்லோருக்கும் தெரியும்.

"சார், ஆறு நாள் வேண்டாம், நாலு நாள் குடுங்க போதும்" என்றேன்.

சீட்டி நின்றுபோனது. "என்னம்மா, எல்லாரும் நாளக் கூட்டிக் குடுன்னுதான் வருவாங்க. நீ கொறச்சுக் குடுங்குற?"

"வீட்டுக்காரருக்கு முடியல சார். கூட இருந்து பாக்கணும்."

"சரி, உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் சீட்டியடிக்கப் போய்விட்டார். இந்த மாதத்திலிருந்து எனக்கு நான்கு நாள்தான். சம்பளம் தானாகக் கோட்டுக்குக் கீழே வந்துவிடும். அடுத்த மாதம் ஜன்னல்காரி முன்னால் போய் நிற்பேன். இப்போது சொல்லடி பார்க்கலாம், கொஞ்சம் மேலயா கொஞ்சம் கீழயா என்று கேட்பேன்.

உன் அத்தானிடம் சொன்னேன். "யோசிச்சுப் பண்ணியா?" என்றார். அவருக்கு இடுப்போடு சேர்ந்து தைரியமும் போய்விட்டது.

உன் ஷூ என்ன சைஸ்? நம் இரண்டு பேருக்கும் ஒரே கால்தானே. கடையில் எனக்குக் கொடுக்கும்போது சைஸ் தெரியாமல் முழிக்கக் கூடாது, அதற்காகக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
கோட்டுக்குக் கீழே இறங்கிய உன் அக்கா


மார்ச் 7

அக்கா,

நலம் விசாரிக்க நேரமில்லை. இதைப் படித்த கையோடு சீட்டியிடம் போய் அந்த இரண்டு நாளையும் திருப்பிக் கேள். உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

தானாக வேலையைக் குறைத்துக்கொண்டவர்களுக்கு உதவி கிடையாது. எங்கள் வகுப்பில் ஒருத்தி இப்படித்தான் வேலையை விட்டுவிட்டு வந்தாள். ஆறு மாதத்துக்கு இந்தப் பக்கம் வரக் கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். ஏன் சம்பளம் குறைந்தது என்று கட்டாயம் கேட்பார்கள். நீ பொய் சொல்வதில் கெட்டிக்காரி இல்லை. பெருமை வந்தால் உண்மையை உளறிவிடுவாய்.

உன்னை நான் தடுக்கப் பார்க்கிறேன் என்று நினைக்காதே. நீ அப்படித்தான் நினைப்பாய் என்றும் தெரியும்.

எனக்குப் பயிற்சி முடிகிறது. அடுத்த மாதம் எங்காவது வேலையில் போடுவார்கள். முதல் ஆறு மாதச் சம்பளத்தை அரசாங்கமே கொடுக்கும், பிடித்திருந்தால் அந்த இடத்தில் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்களாம். எங்கே என்று இன்னும் சொல்லவில்லை. எங்கே போட்டாலும் மாட்டேன் என்று சொல்லக் கூடாது. சொன்னால் எல்லாம் நின்றுவிடும்.

உடனே போய்க் கேள்.

தங்கச்சி


மார்ச் 15

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை பயம் வந்தது. இரண்டாவது தடவை விஷயம் புரிந்தது.

இத்தனை நாள் நம் குடும்பத்தில் அரசாங்கம் கவனித்துக்கொண்டது உன்னை மட்டும்தான். இப்போது நானும் வரிசையில் வந்து நிற்கப் போகிறேன் என்றதும் உனக்குப் பொறுக்கவில்லை. சின்ன வயதிலிருந்தே உனக்குக் காய்ச்சல் வந்தால் எல்லோரும் உன்னைச் சுற்றி உட்காருவார்கள். எனக்குக் காய்ச்சல் வந்தால் உனக்கும் வந்துவிடும். மறுபடியும் எல்லோரும் உன் பக்கம் வந்துவிடுவார்கள்.

நான் கேட்க மாட்டேன். ஏப்ரலில் விண்ணப்பம் போடுகிறேன். உன் வாழ்த்து வேண்டாம், உன் சாபம் இல்லாமல் இருந்தால் போதும்.

அக்கா


ஏப்ரல் 3

அக்கா,

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, நேராகவே எழுதிவிடுகிறேன். எனக்கு வேலை போட்டிருக்கிறார்கள். உங்கள் லாண்டிரியில்.

உங்கள் முதலாளி ஆள் வேண்டும் என்று கேட்டு எழுதியிருக்கிறார். இரண்டு நாளுக்கு ஆள் பற்றவில்லையாம். அது உன்னுடைய இரண்டு நாள் என்று எனக்கும் உனக்கும்தான் தெரியும். இரண்டு நாளுக்குக் கேட்டவருக்கு ஆறு நாளும் இலவசமாக ஆள் கொடுக்கிறார்கள் என்றால் கசக்குமா?

மூக்குக்கண்ணாடியிடம், "அங்க எங்க அக்கா வேலை பாக்குறாங்க" என்றேன். "ரொம்ப நல்லதாப் போச்சு, பழக்கிக் குடுப்பாங்க" என்றாள். அதற்கு மேல் என்ன சொல்ல?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ வராதே என்று சொன்னால் வர மாட்டேன். உதவித்தொகை நின்றுவிடும், காப்பகம் நின்றுவிடும், அது என் பாடு. திங்கட்கிழமைக்குள் ஒரு வரி எழுது. போன் செய்தாலும் சரி, திட்டிவிட்டு வைத்துவிடு, புரிந்துகொள்வேன்.

தங்கச்சி


ஏப்ரல் 24

அக்கா,

நீ எழுதவில்லை. போனும் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லவில்லையே என்று நானாக எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இன்றோடு மூன்றாவது வாரம். வாரத்தில் உன் நான்கு நாளும் பார்த்துக்கொள்கிறோம், ஒரு வார்த்தை பேசவில்லை. அதனால் இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் சாப்பாட்டு நேரத்தில் உன் பையில் செருகுகிறேன். தபால்தலை மிச்சம்.

நம் இரண்டு பேரையும் ஒரே விரிப்பில் சீட்டி நிறுத்துவார் என்று நான் நினைக்கவில்லை. அவர் வேண்டுமென்றே செய்யவில்லை, நாம் ஒரே உயரம், அதுதான் காரணம். இஸ்திரி போடுகிற சூட்டு உருளையிலிருந்து விரிப்பு வெளியே வந்ததும் நீ அந்த முனையைப் பிடிக்கிறாய், நான் இந்த முனையைப் பிடிக்கிறேன். நீளவாக்கில் ஒரு மடிப்பு. பிறகு இரண்டு பேரும் நடந்து கிட்டே வர வேண்டும், என் முனையை உன் கையில் கொடுக்க வேண்டும். விரல் படுகிறது. அந்த நேரம் பார்த்து நீ முகத்தைத் திருப்பிக்கொள்கிறாய். ஒரு நாளைக்கு எத்தனை விரிப்பு! உனக்குக் கழுத்து வலிக்கவில்லையா?

நீ பேசாமலேயே எனக்கு வேலை சொல்லிக் கொடுத்துவிட்டாய். ஓரத்தை எங்கே பிடித்தால் சுடாது என்று உன் கையைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

எனக்கு ஒரு கஷ்டம். யாரிடமும் சொல்ல ஆளில்லாமல் உன்னிடம் சொல்கிறேன். இங்கிருந்து வீட்டுக்குப் பஸ் ஒன்றரை மணி நேரம். அதற்குள் காப்பகம் மூடிவிடுகிறது. வாட்ச்மேன் பக்கத்தில் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாலு உட்கார்ந்திருக்கிறாள். இனியும் தாமதமானால் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். இதற்கு நீ ஒன்றும் செய்ய வேண்டாம். தெரிந்துகொள், போதும்.

எதிர் முனையிலிருந்து,
தங்கச்சி


மே 9

தங்கச்சிக்கு,

இதை உன் ஏப்ரன் பாக்கெட்டில் வைக்கிறேன். வீட்டுக்குப் போய்ப் படி. இங்கே படித்து இங்கேயே அழாதே, எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள்.

நீ சொன்னதுதான் நடந்தது, சந்தோஷமா? ஜன்னல்காரி, "ஏம்மா நாள் கொறஞ்சுது?" என்று கேட்டாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நானேதான் கேட்டுக் கொறச்சுக்கிட்டேன்" என்று சொன்னேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துச் சொன்னேன். அவள் பேனாவை மூடிவிட்டாள். ஆறு மாதத்துக்கு விண்ணப்பமே போடக் கூடாதாம். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

நேராக சீட்டியிடம் போனேன். என் நாளைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். "அந்த ரெண்டு நாளுக்குத்தான் உன் தங்கச்சி இருக்காளேம்மா. அவ சம்பளம் அரசாங்கம் குடுக்குது. மொதலாளிகிட்ட நான் என்னன்னு போய்ச் சொல்ல?" என்றார். சொல்லிவிட்டு சீட்டியடித்தார். அந்த சீட்டியைப் பிடுங்கி உருளைக்குள் போடலாம் போல இருந்தது.

வீட்டில் மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுகிறார் உன் அத்தான். கேட்டால் "வலி கம்மியாயிடுச்சு" என்கிறார். அவர் எழுந்திருக்கும்போது முகத்தைப் பார்த்தால் தெரியாதா?

நீ என் எதிரில் அந்தக் கறுப்பு ஷூவைப் போட்டுக்கொண்டு நிற்கிறாய். என் இடம், என் உருளை, என் நாள். அதில் உனக்கு மெத்து மெத்து. நான் முகத்தைத் திருப்பிக்கொள்வது உன்னைப் பார்க்கப் பிடிக்காமல் இல்லை. கீழே பார்த்துவிடக் கூடாது என்றுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஜன்னல்காரி கடைசியில் ஒன்று சொன்னாள். "லாண்டிரிக்காரங்களாக் கொறச்சிருந்தா நீங்க புகார் சொல்லலாம். இருக்கற ஆளோட வேலையப் புடுங்கி அரசாங்க ஆளப் போடக் கூடாதுன்னு சட்டம் இருக்கு." வியாழக்கிழமை உன் மூக்குக்கண்ணாடி லாண்டிரியைப் பார்வையிட வருகிறாளாம், என்னையும் கூப்பிட்டுப் பேசுவாளாம். அவள் வேறு அலுவலகம், இவள் வேறு அலுவலகம். நான் ஜன்னலில் உளறியது அவளுக்குத் தெரியாது. என் நாளை அவர்கள்தான் பிடுங்கினார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் இரண்டு நாளும் திரும்ப வரும். உன்னை இங்கிருந்து எடுத்துவிடுவார்கள்.

உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. முன்கூட்டியே சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

அக்கா


மே 11

அக்கா,

அவள் கேட்டால் அப்படியே சொல். என்னைக் கேட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது, அக்கா சொல்வதுதான் சரி என்று சொல்லிவிடுவேன். சீட்டி எதையாவது சொன்னால் அவர் பேச்சு எடுபடாது, இலவசமாக ஆள் கிடைக்கிறவர் அப்படித்தானே பேசுவார்.

நான் மறுபடியும் காத்திருப்போர் வரிசைக்குப் போக வேண்டும். நிரந்தர வேலை கைக்கு எட்டுகிற மாதிரி இருந்தது, போகட்டும். நீ இதையெல்லாம் யோசிக்காதே. அத்தான் மாத்திரையை முழுதாகச் சாப்பிடட்டும்.

நாளைக்கு ஒரு நாளாவது விரிப்பை மடிக்கும்போது என்னைப் பார். நான் வேண்டுமானால் பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு வருகிறேன்.

தங்கச்சி


மே 16

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ இரண்டு நாளாக என் முகத்தையே பார்க்கிறாய், என்ன நடந்தது என்று கேட்கத்தான் உனக்கு வாய் வரவில்லை. சொல்கிறேன்.

மூக்குக்கண்ணாடி என்னைத் துணி அடுக்குகிற அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். "சூப்பர்வைசர் என்ன வேணாலும் சொல்லுவார். உங்க வாயால கேக்கணும். உங்க ரெண்டு நாள அவங்க கொறச்சாங்களா, நீங்களாக் கேட்டீங்களா?"

நான் வீட்டிலேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு போயிருந்தேன். கண்ணாடி முன்னால் நின்று, கொஞ்சம் குரல் தழுதழுக்கிற மாதிரி கூட. வாயைத் திறந்தேன். அதற்குள் அவள், "உங்க தங்கச்சியக் கேட்டேன். அக்கா சொல்றதுதான் சரி, அவங்க சொல்றத எழுதிக்கங்கன்னு சொல்லிட்டாங்க" என்றாள். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எப்படிப்பட்ட தங்கச்சி என்று அப்படியே பூரித்துப்போயிருந்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பார், அங்கேயும் முந்திக்கொண்டாய். ஷூ உனக்கு, பஸ் பாஸ் உனக்கு, என் நாளும் உனக்கு. கடைசியில் நல்லவள் என்கிற பெயரும் உனக்கா? நான் பொய் சொல்லி உன்னைத் துரத்திவிட்டால் சாகிற வரைக்கும் நீ விட்டுக்கொடுத்தவள், நான் பிடுங்கிக்கொண்டவள். ஒரு வார்த்தை கூடச் சொல்லிக்காட்ட மாட்டாய். அது இன்னும் மோசம். அதை மட்டும் என்னால் தாங்க முடியாது.

"நானாத்தான் கேட்டேன். எவனும் கொறைக்கல" என்றேன்.

அவள் எழுதப் போன கையை எடுத்துவிட்டாள். "இத நீங்க சொல்லணும்னு அவசியமே இல்லையேம்மா" என்றாள்.

"பொறாமைங்க" என்றேன்.

"யார் மேல?"

"அவ மேலதான்."

"அப்போ மாத்தி இல்ல சொல்லியிருக்கணும்?"

"உங்களுக்குத் தங்கச்சி இருக்கா?"

"இல்ல."

"அப்ப உங்களுக்கு விளங்காது" என்றேன். சிரித்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அது இல்லாமல் பார்த்தால் சின்னப் பெண்தான் அவள், நமக்குத்தான் பயமாக இருக்கிறது.

ஆகவே நீ இருக்கிறாய். என் நாள் போனது போனதுதான்.

அவள் வந்ததற்கு ஒரு காரியமாவது சாதித்துக்கொண்டேன். வாலு வாட்ச்மேன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற விஷயத்தைச் சொன்னேன். நீ அவளிடம் சொல்லவே இல்லையாமே, வாயில் என்ன வைத்திருந்தாய்? லாண்டிரிக்குப் பின் தெருவில்தான் என் வீடு, அங்கே ஒரு மனுஷன் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றேன். சொந்தக்காரர் பார்த்துக்கொண்டாலும், காப்பகத்துக்குக் கட்டுகிற பணத்தை அவருக்கே கொடுக்கலாமாம். வீட்டைப் பார்க்க வருவாள், அவரால் முடியுமா என்று பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் நிச்சயம். பிரஷ் எத்தனை இருக்கிறது என்று இப்போதே எண்ணி வைத்துவிட்டேன்.

இதை உன் அத்தானிடம் சொன்னதிலிருந்து வீட்டில் இருக்க முடியவில்லை. தலை சீவிக்கொள்கிறார். வாலு தடுக்கி விழக் கூடாது என்று உட்கார்ந்தபடியே சாமான்களை எல்லாம் ஓரமாகத் தள்ளுகிறார். "அரசாங்கத்துல எனக்குச் சம்பளம் குடுக்கப் போறாங்க" என்று எதிர்வீடு வரைக்கும் கேட்கிற மாதிரி சொல்கிறார். கோட்டுக்குக் கீழே இறங்கி, நாளைத் தொலைத்து, ஜன்னலில் அசிங்கப்பட்டு அலைந்தவள் நான். நோகாமல் படுத்திருந்தவருக்கு வருகிறது அரசாங்கப் பணம். எனக்கு இப்போது அவர் மேலும் எரிகிறது. ஒரு வீட்டில் எத்தனை பேர் மேல்தான் பொறாமைப்படுவது?

திங்கட்கிழமை வாலுவைக் கையோடு கூட்டிக்கொண்டு வா. அது நிச்சயமாகிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், பணம் வந்தால் வருகிறது. பொம்மையின் பிரஷையும் எடுத்து வா.

வேலையில் ஒன்று கவனி. கிட்டே வரும்போது உன் இடது கை தொய்ந்துபோகிறது, மடிப்பு கோணுகிறது. நிரந்தரம் செய்கிறவர்கள் அதைத்தான் பார்ப்பார்கள். இனிமேல் நான் முகத்தைத் திருப்ப மாட்டேன், தொய்ந்தால் அங்கேயே சொல்லிவிடுவேன், எல்லோர் முன்னாலும் சொல்வேன், கோபித்துக்கொள்ளாதே.

பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாயே இரண்டு நாளாக, அதைத் தூக்கிப் போடு. ஈரத்தில் வழுக்கி நீயும் இடுப்பை உடைத்துக்கொண்டால் யார் பார்ப்பது? ஷூவையே போட்டுக்கொண்டு வா. பொறாமை போய்விட்டது என்று நினைத்துவிடாதே. அப்படியேதான் இருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் ஒரு தடவை கழற்றிக் கொடு. போட்டுக்கொண்டு துணி டிராலி வரைக்கும் நடந்துபோய்த் திரும்பி வந்து, கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா